'மதராஸி' உணவும் கொங்குநாட்டுக் கம்பஞ்சோறும்

நீலகிரி மலைமேல் உள்ள குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பெற்றது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிப்பதே அதன் முதன்மைப் பணி. அந்நிறுவனத்தின் ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டு, ராபர்ட் மெக்கரிசன் என்னும் இராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். நாளடைவில் அந்த ஓரறை ஆய்வுக்கூடம் 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம்' என வளர்ந்தது. 1958-இல் அது ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-இல் 'தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்' என்னும் பெயரைப் பெற்றது. இந்தியர்கள் எதை உண்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அறிவியல் முறையில் அளந்து பார்க்கும் பணி இவ்வாறு தமிழ்நாட்டின் மலையூர் ஒன்றில்தான் வேர்கொண்டது.

மெக்கரிசன் செய்த சோதனைகளுள் ஒன்று மிகவும் பெயர்பெற்றது. ஒரே வயதும் ஒரே எடையும் கொண்ட இளம் எலிகளை ஏழு கூட்டங்களாகப் பிரித்தார். சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், 'மதராஸி' ஆகிய ஏழு மக்கட்பிரிவினரின் அன்றாட உணவாகத் தாம் கருதியதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அளித்தார். முடிவில் எடை பார்த்தபோது, முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என உண்ட சீக்கிய எலிகளின் சராசரி எடை 235 கிராம். பட்டாணிய எலிகள் 230 கிராம். தீட்டிய அரிசியைப் பெரும்பங்காகவும் பருப்பு, காய்கறி, பால் ஆகியவற்றைச் சிறுபங்காகவும் உண்ட மதராஸி எலிகளோ 155 கிராம் மட்டுமே. ஏழு கூட்டங்களுள் கடைசி இடம் அதற்குத்தான். 1936-ஆம் ஆண்டில் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இச்சோதனையை அவர் விரித்துரைத்தார். தென்னாட்டு உணவு வலுவற்றது என்னும் கருத்து படித்தவர்களிடையே வேரூன்ற இது பெரிதும் துணைசெய்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குன்னூரிலிருந்து மலைப்பாதை வழியே இறங்கினால் மேட்டுப்பாளையம், அடுத்து கோயம்புத்தூர், அதற்கப்பால் அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் என விரியும் கொங்குச் சமவெளி. அதுவும் அன்றைய மதராஸ் மாகாணத்தின் பகுதிதான். ஆனால் அச்சமவெளியின் குடியானவர் வீட்டு அடுப்பில் தீட்டிய அரிசியா வெந்துகொண்டிருந்தது? ஆய்வுக்கூடத்து எலி உண்டது உண்மையில் யாருடைய உணவு?

வானம் பார்த்த நிலமும் அதன் விளைவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த நாடு கொங்குநாடு. பாலக்காட்டுக் கணவாய் காற்றைக் கொண்டுவரும் அளவுக்கு மழையைக் கொண்டுவருவதில்லை. கோவையில் ஆண்டு மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில்தான் அமைகிறது. காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆற்றங்கரைகளிலும் காலிங்கராயன் வாய்க்கால் போன்ற பழைய பாசனங்களின் ஓரத்திலும் நெல் விளைந்தது. எஞ்சிய பெருநிலம் புன்செய். அங்கே கம்பும் சோளமும் ராகியும் சாமையும் தினையும், அவற்றுடன் ஊடுபயிராகக் கொள்ளும் அவரையும் துவரையும் விளைந்தன. கிணற்றடி நிலத்தில் எருது பூட்டிக் கவலை இறைத்து ராகியும் சோளமும் வளர்த்தார்கள்.

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் 1799-இல் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டே, புதிதாகக் கிடைத்த நாட்டின் வளத்தை அறிந்துவர ஆளுநர் நாயகம் வெல்லெஸ்லி பிரபு, பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை அனுப்பினார். 1807-இல் அச்சேறிய அவரது பயணநூல், கொங்குநாட்டின் ஊர்தோறும் என்ன விதைத்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறது. கம்பும் சோளமும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1887-இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த எஃப்.ஏ. நிக்கல்சனும் இதே காட்சியையே காட்டுகிறார்: புன்செய்த் தானியமே பெரும்பான்மை மக்களின் உணவு, கிணறே அவர்களின் காப்பு.

அன்றாட உணவின் ஒழுங்கை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். விடியலில் மோர் ஊற்றிக் கரைத்த கம்மங்கூழ் அல்லது பழையது, பகலில் கம்பஞ்சோறோ சோளச்சோறோ, இரவில் ராகிக்களி. தொட்டுக்கொள்ளக் கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயிற்றுக் கடைசல், வேலியோரத்துக் கீரை. காங்கேயம் மாடு கட்டிய வீட்டில் பாலும் மோரும் உண்டு. நெல்லஞ்சோறு திருநாளுக்கும் விருந்துக்கும் உரியது. தாராபுரத்திலும் உடுமலையிலும் கோவைக் கோட்டைமேட்டிலும் வாழ்ந்த முஸ்லிம்களும் இதே சந்தைகளில்தான் தானியம் வாங்கினார்கள். மண்ணில் விளைந்ததே ஊருக்கு உணவு. அதில் சமயப் பிரிவு இல்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிகள்

நம் மண்ணுக்கே உரியவை என்று நாம் நினைக்கும் இத்தானியங்களுள் முதன்மையான மூன்றும் தொலைவிலிருந்து வந்தவை என்பது வியப்புக்குரிய செய்தி. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் பயிராக்கப்பட்டது. மாலி நாட்டில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய தடயங்கள் கிடைத்துள்ளன. சோளத்தின் தாயகம் சூடான் பகுதி; ராகியின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அரபிக்கடலின் கரைகளைத் தொட்டுத் தொட்டு நடந்த மிகப் பழைய கடல் வணிகமும் மக்கள் போக்குவரத்துமே அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அரபியில் 'துரா' என்றழைக்கப்படும் சோளமும் 'துக்ன்' என்றழைக்கப்படும் கம்பு இனத் தானியமும் இன்றும் ஏமனிலும் சூடானிலும் ஏழை எளியவரின் அன்றாட அப்பமாகவும் கூழாகவும் இருக்கின்றன. கொங்கு உழவனின் கம்பங்காட்டுக்கும் சூடான் உழவனின் வயலுக்கும் இடையே இப்படியொரு பழைய உறவு உண்டு.

இந்தியத் தானியங்களைப் பற்றி எழுதிய வெளிநாட்டாருள் நம் கவனத்துக்குரியவர் இப்னு பதூதா. 1344 வாக்கில் மதுரை சுல்தானகத்துக்கும் வந்துசென்ற அவர், தம் பயணநூலின் இந்தியப் பகுதியில் இந்நாட்டு விளைச்சலை வரிசைப்படுத்துகிறார். மழைக்காலப் பயிர்களாகச் சிறுதானிய வகைகளையே முதலில் கூறுகிறார். அவற்றுள் 'ஷாமாக்' எனப்படும் சாமை, உழாத நிலத்திலும் தானே விளைவது என்றும், துறவு வாழ்வினரும் ஏழைகளும் அதனைத் திரட்டி உண்பர் என்றும், எருமைப்பாலில் சமைத்தால் அது சுவையுடையது என்றும் குறிப்பிடுகிறார். பாசிப்பயிற்றை அரிசியுடன் சேர்த்துச் சமைத்து நெய்யூற்றி உண்ணும் 'கிஷ்ரி'யையும் அவர் மறக்கவில்லை. மக்ரிப் நாட்டார்க்கு 'ஹரீரா' எப்படியோ அப்படி இந்தியர்க்கு இது காலையுணவு என்று ஒப்பிடுகிறார். தானியமும் பயறும் சேரும்போது உணவு நிறைவு பெறுகிறது என்னும் நாட்டு வழக்கு, அந்த ஒரு வரிச் செய்தியில் அடங்கியிருக்கிறது.

ஆனால் ஏழையின் உணவு என்னும் அடையாளமும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். கிரேக்க மருத்துவர் காலன், சிறுதானியங்கள் குறைந்த ஊட்டம் தருபவை என்று எழுதினார். அவர்வழி வந்த அரபு மருத்துவ நூல்களும் அக்கருத்தைப் பெரும்பாலும் வழிமொழிந்தன. கோதுமை உண்ட நகரத்தாரின் பார்வை அது. அளவுகோல் இல்லாத காலத்தில், உண்பவரின் தகுதியை வைத்தே உணவின் தகுதியும் மதிக்கப்பட்டது போலும்.

அளவுகோல் வந்தபோது

அந்த அளவுகோலை உருவாக்கியதே குன்னூர் ஆய்வுக்கூடத்தின் பெரும் பணி. மெக்கரிசன் 1935-இல் ஓய்வுபெற்றபின் இயக்குநரான டபிள்யூ.ஆர். அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்துமதிப்பு பற்றிய சிறுநூலை 'சுகாதார வெளியீடு எண் 23' என்னும் வரிசையில் வெளியிட்டார். நாட்டின் அன்றாட உணவுப்பொருள்கள் ஒவ்வொன்றிலும் புரதம், சுண்ணாம்பு, இரும்பு, உயிர்ச்சத்து எவ்வளவு என்பதை எளிய அட்டவணையாக அது தந்தது. அரிசி ஒன்றையே மலையாகக் குவிக்கும் ஏழை உணவின் குறையைச் சுட்டி, அரிசியின் ஒரு பகுதியை விட்டுவிட்டு அவ்விடத்தில் சிறுதானியத்தைச் சேர்க்கவும், பயறு, கீரை, பால் ஆகியவற்றைக் கூட்டவும் அது வழிகாட்டியது. அய்க்ராய்டு பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநரானார்.

அரிசியைப் பற்றிய ஆய்விலும் ஒரு நாட்டு வழக்கம் தலைநிமிர்ந்தது. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்டவரிடையே அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. 1940-இல் அய்க்ராய்டும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட அரிசிச் சிக்கல் குறித்த ஆய்வுநூல் இதனைத் தெளிவுபடுத்தியது. பெயரறியாத நம் பாட்டிமார் காத்துவந்த வழக்கத்தின் காரணம் அன்றுதான் எழுத்தில் ஏறியது.

அதே வேளையில் மலையடிவாரத்தில், கோவையிலும் இணையான பணி ஒன்று நடந்தது. சைதாப்பேட்டையில் 1868-இல் தோன்றிய வேளாண்மைப் பள்ளி 1906-இல் கோவைக்கு மாற்றப்பட்டு வேளாண்மைக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1909-இல் தொடங்கப்பெற்ற நிரந்தர உரச் சோதனை வயல், ஒரே நிலத்தில் தொழுவுரம், இரசாயன உரம், உரமின்மை ஆகியவற்றின் விளைவை நூறாண்டுக்கும் மேலாக அளந்துவருகிறது. கோவையின் அரசு வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத், உரத்துக்கும் விதையின் வலிமைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். சிறுதானியம், கோதுமை ஆகியவற்றின் சத்துமதிப்பு உரத்துக்கேற்ப மாறுகிறதா என்பதை மெக்கரிசன் குன்னூரில் சோதித்து 1926-இல் வெளியிட்டார். தொழுவுரத்தில் விளைந்த தானியமே மேலானது என்பது அவர் கண்ட முடிவு. அதனை எல்லாப் பயிருக்கும் எல்லா மண்ணுக்கும் பொருந்தும் விதியாக இன்று கொள்ள இயலாது. எனினும், உணவின் தரம் அடுப்பில் அல்ல, மண்ணிலேயே தொடங்குகிறது என்னும் எண்ணம் அக்காலத்திலேயே கோவையில் கேட்கப்பட்டது என்பது நினைவிற்குரியது. 1923-இல் அதே கல்லூரி வளாகத்தில் சிறுதானிய இனப்பெருக்க நிலையம் தோன்றியது. ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் அதன் வல்லுநராக நெடுங்காலம் பணியாற்றிச் சோளம், கம்பு, ராகி, தினை, சாமை எனப் பல தானியங்களின் மரபியலை ஆராய்ந்தார். 'கோ' என்னும் முன்னெழுத்துடன் வழங்கும் தானிய வகைகள் பல கோவையின் பெயரைத் தாங்கியவை.

இன்றைய அட்டவணை கூறுவது என்ன? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப்பொருள் அட்டவணைகளின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசி ஏறத்தாழ 356 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. கம்பு 348; சோளம் 334; ராகி 321. ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்த ஆற்றலுடன் கூட வருவதைப் பாருங்கள். சுண்ணாம்புச்சத்து அரிசியில் 7 மில்லிகிராம் அளவு. ராகியில் 364 மில்லிகிராம். இரும்புச்சத்து அரிசியில் 0.6 மில்லிகிராம் அளவு, சோளத்தில் 4, கம்பில் 6.4. நார்ச்சத்து அரிசியில் 2.8 கிராம், மற்ற மூன்றிலும் 10 கிராமுக்கு மேல். புரதம் அரிசியில் 8 கிராம் அளவு; கம்பில் 11. கூடவே உண்ட கொள்ளில் புரதம் 21 கிராமுக்கு மேல். சுண்ணாம்பு 269 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு 300 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஒரே அளவு ஆற்றலுக்குள் எவ்வளவு சத்து அடங்கியிருக்கிறது என்பதையே ஊட்டச்செறிவு என்கிறோம். அந்த அளவுகோலின்படி, கூழும் களியும் கொள்ளும் கீரையும் மோரும் சேர்ந்த கொங்குநாட்டு இலை, குன்னூர்க் கூண்டின் 'மதராஸி' உணவைவிட எத்தனையோ படி உயர்ந்தது.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இது: ஆய்வுக்கூடத்து எலி உண்டது தீட்டிய அரிசியை நம்பிய ஒரு வகுப்பாரின் உணவு, மாகாணம் முழுவதன் உணவும் அதுவன்று. ஒரு பெயருக்குள் பல நாடுகளை அடக்கியதால், மலையடிவாரத்து இலையின் மதிப்பு கணக்கில் ஏறாமல் போனது. கில்கித்தில் மருத்துவராகப் பணியாற்றியபோது ஹுன்ஸா பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் முழுத்தானியமும் பழமும் காயும் பாலும் சேர்ந்த எளிய உணவைக் கண்டு வியந்து எழுதியவர் மெக்கரிசன். அவர் எளிமையைப் போற்றாதவர் அல்லர். காங்கேயத்து உழவனின் எளிமை மட்டும் 'மதராஸி' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

மதிப்பு எப்படிச் சரிந்தது?

இவ்வளவு செறிவுள்ள உணவு ஏன் இலையிலிருந்து விலகியது? ஒரே காரணத்தைச் சுட்டிவிட இயலாது.

முதற் காரணம் நீர். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின, கிணறுகளில் கவலை போய் மின்பொறி வந்தது. 1948-இல் தொடங்கிய கீழ்பவானித் திட்டம் 1950-களின் நடுவில் நிறைவேறி, இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு முறைவைத்து நீர் தந்தது. பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளை நனைத்தது. நீர் வந்த இடத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் வருவது இயல்பு. உழவரை இதில் குறைகூற ஒன்றுமில்லை.

கரும்பின் கதையும் கோவையினுடையதே. 1912-இல் இங்கே அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டு நாணலினத்துடன் இணைத்து உருவாக்கிய 'கோ 205' 1918-இல் வெளிவந்து வட இந்தியாவின் கரும்புக் காடுகளை மாற்றியது. பின்வந்த கோவை வகைகள் கடல்கடந்தும் சென்றன. ஒரே நகரில், பதினொரு ஆண்டு இடைவெளியில், இரு நிலையங்கள். ஒன்று உலகுக்கு இனிப்பை அளித்தது. மற்றொன்று ஏழையின் தானியத்தை வளப்படுத்தியது. உலகம் எதனை விரும்பி ஏற்றது என்பதை நாம் அறிவோம்.

இரண்டாம் காரணம் உழைப்பு. கம்பைச் சோறாக்குவது எளிதன்று. உரலில் நீர் தெளித்து இடித்து, தவிடு புடைத்து, மீண்டும் குருணையாக இடித்துக் கிண்டவேண்டும். அந்த உலக்கையைப் பிடித்தவை பெண்களின் கைகள். ஆலையரிசி வந்தபோது அவர்கள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. மேலும், கம்பில் கொழுப்பு மிகுதி. மாவாக்கினால் சில நாட்களிலேயே கசந்துவிடும். தீட்டிய அரிசியோ மாதக்கணக்கில் கெடாது. கடைக்கும் கிடங்குக்கும் ஏற்றது எதுவோ அதுவே நகரத்தின் உணவானது.

மூன்றாம் காரணம் அரசின் பங்கீடு. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நியாயவிலைக் கடைகளின் வழியே அரிசி ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டியது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசியாயிற்று. பசியைப் போக்கியதில் இத்திட்டத்தின் பங்கை மறுப்பது நன்றியின்மை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் கோவை மாவட்டத்தையும் வாட்டியது. அத்தகைய பேரிழப்பின் நினைவு வழிவழியாக வந்த மண்ணில், உறுதியாகக் கிடைக்கும் அரிசி ஓர் அருட்கொடை. ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் ஒன்றோடு விலைகொடுத்து வாங்கவேண்டிய கம்பும் ராகியும் போட்டியிட இயலவில்லை.

நான்காவது காரணமே மிக ஆழமானது: மானம். களி தின்பவன் என்பது ஏளனச் சொல்லாயிற்று. வெள்ளைச் சோறு உண்பது முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. முன்னர் திருநாளுக்கு மட்டும் உரியதாக இருந்தது அன்றாடமாயிற்று. இன்று கொங்குநாட்டில் சோளம் விதைக்கும் நிலத்தில் பெரும்பகுதி மாட்டுத்தீவனத்துக்கு, மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்கு.

மிகையும் வேண்டாம்

பழைய உணவைப் போற்றுவோர் சில வேளைகளில் அளவு கடந்துவிடுகின்றனர். சிறுதானியம் எல்லா நோய்க்கும் மருந்து என்பது அறிவுக்கு ஒவ்வாதது. கம்பிலுள்ள சில வேதிப்பொருள்கள் அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களில் கழலை நோயைக் கூட்டுகின்றன என்பது சூடானின் டார்ஃபூர் பகுதி ஆய்வுகளில் தெரியவந்தது. சோளத்தையே பெரும்பங்காக உண்ட தக்காணத்து ஏழைகளிடம் பெல்லக்ரா என்னும் நோயைக் கண்ட சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் அதனை எழுதினர்; சோளப் புரதத்தின் லியூசின் மிகுதியே காரணம் என்ற அவர்களின் விளக்கம் பின்னர் விவாதத்துக்கு உள்ளானாலும், ஒரே தானியத்தை நம்புவது தீது என்னும் பாடம் நிற்கிறது. தானியத் தோலிலுள்ள ஃபைட்டேட் இரும்பையும் சுண்ணாம்பையும் உடல் ஏற்பதைக் குறைக்கிறது. ஊறவைத்தும் முளைகட்டியும் புளிக்கவைத்தும் சமைத்தால் அத்தடை தளர்கிறது. கூழைப் புளிக்கவைத்துக் குடித்த வழக்கத்தின் நன்மை இங்கே விளங்கும். பழைய கொங்கு இலையின் சிறப்பு கம்பில் மட்டும் இல்லை. கம்புடன் கொள்ளும் கீரையும் மோரும் சேர்ந்ததில் இருந்தது. மோரும் பருப்பும் எட்டாத வீட்டில், அந்த இலையும் குறையுள்ளதே.

நம் காலத்துக் கணக்கு

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள் என்கிறது. பசி பெரும்பாலும் நீங்கிய வீடுகளில் சத்துக்குறையும் சர்க்கரை நோயும் ஒருங்கே குடியிருக்கின்றன. வயிறு நிறைகிறது, உடல் நிறையவில்லை.

இந்நிலையில் சிறுதானியங்களுக்கு மறுபடியும் ஒரு காலம் வந்திருக்கிறது. இந்திய அரசு 2018-ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக்கியது. தமிழ்நாட்டில் அவ்வாண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. அன்று அய்க்ராய்டு குன்னூரில் அமர்ந்து எழுதிய அறிவுரை, எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே நீலகிரியில் நடைமுறைக்கு வந்ததை வரலாற்றின் ஒரு வட்டம் எனலாம். மறுபுறம், சர்க்கரையும் கொழுப்பும் கலந்து, சிறிதளவு சிறுதானிய மாவைச் சேர்த்துப் பகட்டான உறையில் விற்கும் பிஸ்கட்டும் இதே அலையில் வருகிறது. பெயரை வாங்காமல் பொருளை வாங்கும் விழிப்பு வேண்டும்.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்து உணவு பெரும்பாலும் வாற்கோதுமை ரொட்டி. அக்காலத்தில் மாவைச் சலிக்கும் சல்லடை அவர்களிடம் இல்லை என்றும், அரைத்த மாவை ஊதி, பறக்கும் உமி பறந்தபின் எஞ்சியதைப் பிசைந்தார்கள் என்றும் ஸஹீஹுல் புகாரியில் அறிவிப்பு உண்டு. வாற்கோதுமைக் கஞ்சியாகிய தல்பீனா நோயுற்றோர்க்கும் துயருற்றோர்க்கும் அளிக்கப்பட்டதும் அங்கே காணக் கிடைக்கிறது. இதனை அறிவியலுக்குச் சான்றாக நிறுத்துவது நம் நோக்கமன்று. தவிடு நீக்காத எளிய தானியம் இழிவின் அடையாளமன்று என்பதற்கு இதைவிட மேலான நினைவூட்டல் நமக்குத் தேவையில்லை. இன்று நம் விருந்துகளில் சீரகச்சம்பாவும் இறைச்சியும் நெய்யும் நிறைகின்றன. விருந்துக்கு அது அழகு. விருந்து அன்றாடமாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முன்னோர் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள்.

ரமளான் மாதத்தில் கொங்குநாட்டுப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எனத் தானியமும் பயறும் இணைந்த அந்தக் கஞ்சி ஏற்கெனவே நல்ல உணவு. இப்னு பதூதா கண்ட கிஷ்ரியின் உறவினர் என்று கூடச் சொல்லலாம். அண்டாவில் விழும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மாற்றாகக் கம்புக்குருணையை இட்டு, கடைசியில் இரண்டு கை முருங்கைக்கீரையைத் தூவினால் சுவை கெடாது. செலவும் பெரிதாகக் கூடாது. முதல் நாள் இரவே குருணையை ஊறவைக்கவேண்டும் என்பது ஒன்றே கூடுதல் வேலை. கஞ்சிக்குப் பாத்திரம் ஏந்தி வரிசையில் நிற்கும் சிறுவருள் சிலருடைய பாட்டனார், இதே மண்ணில் கம்பங்காட்டுக்குக் காவல் இருந்தவராக இருக்கக்கூடும். அவர்களுக்கு அது புதிய உணவு. ஊருக்கோ, மறந்துபோன தன் உணவு.